அண்ணனுக்கு வீடு, எனக்கு பீரோ

அந்த மரச்சாமான் கடையின் முதல் மாடியில் எப்போதும் காலை நேரம்தான். வெளியே மழை கொட்டினாலும், பொழுது சாய்ந்தாலும், அங்கே ஜன்னல்களில் இளவெயில் அடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் என்று பெயர்தான். சுவரில் சட்டம் அடித்து, பின்னால் மஞ்சள் விளக்கு பொருத்தி, மேலே மெல்லிய திரை போட்டிருப்பார்கள். அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு, உள்ளே காற்று. டிவி வெறும் அட்டை. சமையலறைக் குழாயை நாள் முழுக்கத் திருகலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

இந்த அறைகளை ஜோடித்து வைப்பதுதான் அவள் வேலை. எந்தக் கட்டிலுக்கு எந்தப் போர்வை, எந்தத் தலையணையைச் சாய்க்க வேண்டும், எதை நிமிர்த்த வேண்டும், சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியை மட்டும் எவ்வளவு விலக்கி வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வருகிறவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். போகிற போக்கில் அவளிடம் யாராவது கேட்பார்கள்: "உங்க வீட்டையும் இப்படித்தான் அழகா வச்சிருப்பீங்க, இல்ல?"

"எனக்கு ஏதுங்க வீடு" என்பாள், தலையணையைத் தட்டிக்கொண்டே.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே ஒரு முள் இருந்தது. அதை அவள் வீட்டுக்காரர் மட்டும் அறிவார்.

அவளுக்கு வீட்டில் சொப்பனம் என்று பெயர். வைத்தவர் அவள் அப்பா. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னால், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதை மறந்து, சுவரைப் பார்த்தபடி நின்றுவிடுவாளாம். "சொப்பனம் கிளம்பிடுச்சா, இல்ல இன்னும் அங்கேயே இருக்கா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்பார். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார். பெற்ற மகள்கூடச் செல்லம் கொஞ்சும்போது அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். சிறுகச் சிறுகச் சேர்த்து, இங்கிருந்து வெகுதூரத்தில் இருக்கும் சொந்த ஊரில் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினார். அவர் போன பிறகு அந்த வீட்டில் அண்ணன் குடும்பம். சொப்பனத்துக்குக் கல்யாணத்தின்போது அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு இரும்பு பீரோ. பச்சை நிறம், கதவைத் திறந்தால் முனகும். அதனால் அவளிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது. "அண்ணனுக்கு வீடு, எனக்கு பீரோ." சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். ஆண்பிள்ளைக்கு ஒரு நியாயம், பெண்பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். வேடிக்கையாகச் சொன்னதால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பச்சை பீரோ இப்போது நிற்பது வாடகை வீட்டில், மாடியில், கதவு முழுக்கத் திறக்க இடமில்லாத ஒரு மூலையில். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு கறார் பேர்வழி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் ஆணி ஒன்றுக்கு இவ்வளவு என்று காலி செய்யும்போது பிடித்துக்கொள்வார். ஊருக்கெல்லாம் சுவரில் படம் மாட்டிக் கொடுக்கிறவள் வீட்டில் ஒரு படம் கிடையாது. மகள் வெளியூரில் படிக்கிறாள், லீவுக்கு வந்தால் ஹாலில் பாய் விரிப்பாள். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஊரே என்னை உன் வீட்டுக்காரர்னு கூப்பிடுது. இருக்கிறது வாடகைக்கு. எனக்கே வெட்கமா இருக்கு" என்பார். இருவரும் வருஷக்கணக்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர்கள் பார்த்த வீடு ஒரு சரிவான தெருவின் கடைசியில் இருந்தது. சின்ன வீடுதான். கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறை. ஆனால் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அவர்கள் போனது பிற்பகல். அந்த ஜன்னல் வழியாக வெயில் இறங்கி ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. சொப்பனம் படியில் ஏறினாள், பாதியில் நின்றாள், நின்றவள் நின்றவள்தான். வீட்டைக் காட்ட வந்த தரகர் கணவரைப் பார்த்தார். கணவர், "கொஞ்சம் பொறுங்க, குடிவந்துட்டு இருக்கா" என்றார்.

அது உண்மை. அந்த நிமிஷமே அவள் குடிவந்துவிட்டாள். விற்கிறவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள், தம்பி வீட்டோடு போய் இருக்கப்போகிறவர். கூடத்தில் அவருடைய நீளமான மர மேசை இருந்தது, சுற்றி நாற்காலிகள், மாடியில் அகலமான கட்டில், ஜன்னலோரம் சாய்ந்து படிக்க ஒரு பெஞ்சு. "தம்பி வீட்டுல இதுக்கெல்லாம் இடமில்லை. வேணும்னா நீங்களே எடுத்துக்கோங்க, நியாயமா ஒரு விலை போட்டுக்கலாம்" என்றார் அந்த அம்மாள். அன்றிலிருந்து சொப்பனம் கடையில் மெத்தை விரிக்கும்போது அந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றபடி அந்தப் பெஞ்சில் படித்தாள். மகளுக்கு மேலறையைக் கொடுத்தாள், நீலத் திரையா வெள்ளைத் திரையா என்று அவளோடு மனசுக்குள் சண்டைகூடப் போட்டாள். படம் மாட்டுவதற்காக ஒரு சின்னச் சுத்தியல் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு வருவதற்கு முன்பே சுத்தியல் வந்த வீடு அதுவாகத்தான் இருக்கும்.

வங்கியில் கடன் கிடைத்தது. முன்பணமும் கட்டியாகிவிட்டது. மேசைக்கும் கட்டிலுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்திருந்தார்கள். வேறென்ன வேண்டும் என்று நிம்மதியாக வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார்கள். முதல்முறை வீடு வாங்குகிற எல்லோரும் இந்த நிம்மதியோடுதான் போகிறார்கள், பாவம்.

வக்கீலம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். எதையும் மூடி மறைக்க மாட்டார். "விலை தெரியும். விலைக்கு மேல ஆகிறது தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"அதான் விலை பேசி முடிச்சாச்சே. அதுக்கு மேல என்னங்க?" என்றார் கணவர்.

"அதுக்கு மேலதான் எல்லாமே" என்று வக்கீலம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் நில மாற்று வரி. ஒரு நிலமோ வீடோ கைமாறினால், வாங்குகிறவர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது. விலை முழுவதற்கும் ஒரே கணக்கு இல்லை. விலையின் முதல் பகுதிக்குக் குறைந்த விகிதம், அதற்கு மேல் போகிற பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல், அதற்கும் மேல் இன்னும் கூடுதல்.

"லிஃப்ட் இல்ல, மாடிப்படி" என்றார் கணவர். அவருக்கு அவர் தொழில் வழியாகத்தான் எதுவும் புரியும்.

"அப்படியே வச்சுக்கோங்க. ஏற ஏற மூச்சு வாங்கும்" என்றார் வக்கீலம்மா. அதன்பிறகு பத்திரத்தைப் பதிவதற்குக் கட்டணம். வீட்டின் மேல் பழைய கடன், வழக்கு, வில்லங்கம் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கு ஒரு செலவு. பின்னால் எவனாவது வந்து இது என் வீடு என்று நின்றால் காப்பாற்றுவதற்கு ஒரு காப்பீடு. வீட்டை ஆள் வைத்துச் சோதித்ததற்கு ஒரு கூலி. விற்கிற அம்மாள் வருஷம் முழுவதற்கும் வீட்டு வரி கட்டிவிட்டாராம். மீதி மாதங்களில் குடியிருக்கப்போவது இவர்கள். ஆகவே அந்த மாதங்களின் வரியை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "நியாயம்தானே. அவங்க போட்ட விளக்குல நீங்க சாப்பிடப்போறீங்க." கடைசியாக வக்கீலம்மாவுக்கு வக்கீலம்மாவின் பங்கு. "இதுல எதுக்கும் பேங்க் கடன் தராது. சாவி வாங்குற நாள்ல எல்லாம் உங்க கையில இருந்து வரணும்."

கணவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். சொப்பனம் மட்டும் வக்கீலம்மாவின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேசையில் விளக்கு இடப்பக்கம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் வந்தால் அவள் மனசு சாமானை இடம் மாற்றத் தொடங்கிவிடும்.

"அந்த மேசை, கட்டில் எல்லாத்தையும் விலையில சேர்த்துடாதீங்க" என்றார் வக்கீலம்மா. "சுவரோட ஒட்டினது வீடு. தூக்கிட்டுப் போகக்கூடியது சாமான். சாமானுக்கு இந்த வரி கிடையாது, தனியா எழுதிக்கலாம். அப்புறம் இன்னொண்ணு. உங்க ரெண்டு பேருக்கும் இது முதல் வீடுதானே?"

"முதலும் கடைசியும்" என்றார் கணவர்.

"அப்ப முதல் வீட்டுச் சலுகை உண்டு. மாற்று வரியில பெரும்பகுதி கட்ட வேண்டாம்."

கணவர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். சலுகை கிடைத்தால் மற்றச் செலவெல்லாம் மூச்சுப்பிடித்துச் சமாளித்துவிடலாம். மேசையும் கட்டிலும்கூடத் தப்பிக்கும்.

"ஆனா நான் எல்லாரையும் கேட்கிற ஒரு கேள்வி இருக்கு" என்றார் வக்கீலம்மா. "உங்க பேர்ல, இந்த ஊர்ல மட்டும் இல்ல, உலகத்துல எந்த மூலையிலயும், எப்பவாவது ஒரு வீடு, வீட்டுல ஒரு பங்கு இருந்திருக்கா? ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலும் சலுகை கிடையாது. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பின்னாடி பொய்னு தெரிஞ்சா வரியும் வரும், வட்டியும் வரும், அபராதமும் வரும். அதனால வீட்டுல பெரியவங்க யார் இருக்காங்களோ அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

கணவருக்குக் கேட்க ஆளே இல்லை, சொத்தும் இல்லை. சொப்பனம் சிரித்தாள். "எனக்கு ஒரே ஒரு சொத்துதான் மேடம். பச்சை பீரோ" என்றாள்.

"பீரோவுக்கு வரி இல்ல. ஆனாலும் கேட்டுடுங்க" என்றார் வக்கீலம்மா.

மறுநாள் கடையில் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில், குழந்தைகள் அறையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். பொய் ஜன்னலில் பொய் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் எடுத்தான். உடம்பு எப்படி, அண்ணி எப்படி எல்லாம் ஆனது. வீடு வாங்குகிற சேதியைச் சொன்னாள். அவனுக்கும் சந்தோஷம்.

"வக்கீல் ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்கச் சொன்னாங்கண்ணா. என் பேர்ல எங்கேயாவது வீடு கீடு இருக்கான்னு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. போனில் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "இந்த வீடு உன் பேர்லயும்தான் இருக்கு" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. எந்த வீடு என்று கேட்டாள்.

"நான் இருக்கிற வீடு. அப்பா வாங்கும்போதே நம்ம ரெண்டு பேர் பேர்லயும்தான் வாங்கினார். நீ அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே. மைனர், அதனால உன் கையெழுத்து கேட்கல, அப்பாவே போட்டார். பாதி உன்னுது, பாதி என்னுது."

சொப்பனம் கையில் ஒரு யானை பொம்மை இருந்தது. குழந்தைகள் அறைக்காக எடுத்து வந்தது. அதன் காதை நிமிர்த்தினாள், மடக்கினாள், மறுபடி நிமிர்த்தினாள். "ஏன் சொல்லலை?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அப்பா இருக்கும்போது அவர் சொல்வார்னு இருந்தேன். உன் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் சொல்லிக்கலாம்னு அவர் நினைச்சிருப்பார், திடீர்னு போயிட்டார். அப்புறம் ஓட்டை மாத்தினோம், அப்புறம் அண்ணிக்கு ஆபரேஷன். கொடுக்க வழியில்லாம சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு தள்ளிப்போட்டேன். வருஷம் போகப் போக வாய் வரல. நீ ஒருநாள் கேட்டா மறைக்கக் கூடாதுன்னு மட்டும் நினைச்சிருந்தேன். நீ கேட்கவே இல்ல."

"இருக்கிறதே தெரியாம எப்படிண்ணா கேட்பேன்?"

அவள் ஒவ்வொரு விசேஷத்திலும் பீரோ வாசகத்தைச் சொன்னபோது எல்லோருடனும் சேர்ந்து அவனும்தான் சிரித்திருக்கிறான். அவளுக்கு அது இப்போது ஞாபகம் வந்தது. அண்ணன் மேல் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் அப்பாவைத் தப்பாக நினைக்க வைத்துவிட்டானே.

"அப்பா ஏதாவது சொன்னாரா? வாங்கும்போது?" என்று கேட்டாள்.

"நான்தான் அன்னைக்குக் கேட்டேன், அவ பேர் எதுக்கு, அவ கட்டிக்கிட்டுப் போற பொண்ணுதானேன்னு. எனக்கு அப்ப அவ்வளவுதான் புத்தி." அண்ணன் நிறுத்தினான். "சொப்பனம் சொப்பனத்துல ஆயிரம் வீடு கட்டும்டா, நிஜத்துல பாதி வீடாவது இருக்கட்டும்னார்."

பொம்மையின் காது அவள் விரல்களுக்குள் அப்படியே நின்றது. அழுகை வந்தது. கடையில் அழக்கூடாது என்று தெரியும், ஆனாலும் வந்தது. எத்தனையோ வருஷமாக அவள் ஒரு வீட்டில் பாதி உடையவளாக இருந்திருக்கிறாள். எனக்கு ஏதுங்க வீடு என்று தலையணையைத் தட்டிய ஒவ்வொரு நாளும், எங்கோ தூரத்தில், அவளுக்குச் சொந்தமான பாதிச் சுவரில் வெயில் விழுந்திருக்கிறது, பாதி ஓட்டில் மழை பெய்திருக்கிறது. அப்பா அவளை மறக்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அவள் பேரை எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார், அவர் சுபாவப்படியே.

"இந்தா பாரு" என்றான் அண்ணன், அவள் அழுவது கேட்டு அவசரமாக. "சலுகைக்காகத்தானே கேட்கிறாங்க? இல்லைன்னே எழுதிக் குடு. அவ்வளவு தூரத்துல இருந்து இங்க வந்து யார் தேடப்போறா? என் கையில இப்ப காசு இல்லம்மா, இருந்தா உன் பங்கைக் குடுத்து இந்த நேரத்துல உதவியிருப்பேன். இதையாவது கெடுக்காம இருக்கேன்."

அப்போது ஒரு இளம் தம்பதி அறைக்குள் வந்தார்கள். பெண் வயிற்றைத் தாங்கியபடி மெல்ல நடந்து வந்தாள். கட்டில் கிறீச்சிடுமா என்று கேட்டாள். சொப்பனம் போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கட்டிலை ஒரு உலுக்கு உலுக்கிக் காட்டினாள். "கிறீச்சிடாதும்மா. நம்பி வாங்கலாம்" என்றாள். அவர்கள் அவள் அழுத முகத்தையும் கட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு ஷூவோடு நிறுத்திவிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் சொப்பனமாகவும் அவள் அவராகவும் மாறியிருந்தார்கள்.

"கடன் வாங்கலாம்னா இனிமே வாங்க இடமில்ல. சலுகை போச்சுன்னா வரிக்கு நாம எங்க போறது?" என்றார். "முன்பணம் கட்டியாச்சு. பின்வாங்கினா அதுவும் போயிடும். உங்கண்ணன் சொல்றதுலயும் என்ன தப்பு? பாதி வீடுன்னு பேரு. ஒரு நாள் நீ அதுல படுத்திருக்கியா, ஒரு ஆணி அடிச்சிருக்கியா? நேத்துவரைக்கும் உனக்கே தெரியாது. தெரியாததை இல்லைன்னு சொன்னா பொய்யா?"

நியாயமாகப் பார்த்தால் அவர் பேச்சில் தப்பு சொல்ல முடியாது. மனுஷர் ஊர்ப்பட்ட லிஃப்ட்டுகளின் இருட்டுக் குழிக்குள் இறங்கிச் சம்பாதித்த பணம். அவள் பீரோ பக்கம் போனாள். கதவைத் திறந்தாள், அது வழக்கம்போல முனகியது. திறந்தது உடைமாற்ற அல்ல. சும்மா அதைத் தொட வேண்டும் போல இருந்தது.

"நேத்து வரைக்கும் இல்லைன்னு சொன்னேன், அது பொய் இல்ல" என்றாள். "இன்னைக்குச் சொன்னா பொய். அது போகட்டும், பொய்கூடச் சொல்லிடலாம், உலகத்துல யார் சொல்லலை. ஆனா இது வேற. அப்பா எனக்குன்னு ஒண்ணு குடுத்தார்னு எனக்குத் தெரிஞ்சது இன்னைக்குத்தான். தெரிஞ்ச அன்னைக்கே எங்கப்பா எனக்கு ஒண்ணுமே குடுக்கலைன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்களே. அதை மட்டும் என்னால முடியாதுங்க."

கணவர் இரண்டாவது ஷூவையும் கழற்றினார்.

"மேசை வேண்டாம்" என்றாள் அவள். "கட்டில், பெஞ்சு, நாற்காலி ஒண்ணும் வேண்டாம். அதுக்கு எடுத்து வச்சதை வரியில போடுங்க. மீதிக்கு என் வளையல் இருக்கு. சாமான் தூக்க ஆள் கூப்பிட வேண்டாம், உங்க சிநேகிதங்க நாலு பேர் வந்தா போதும். வரும்போது வருது மேசை."

"நீயா சொல்றே?" என்றார் கணவர். மனசுக்குள் அந்த மேசையில் அவள் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவளுடைய பெரிய ஆசையே வீட்டை ஜோடிப்பதுதான். வெறும் வீட்டுக்குள் அவளை நினைத்துப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் இருந்த ஒன்றை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. தகப்பன் வீட்டுச் செல்லப்பெண் முகம் அது. "சரி விடு, நாலு பேருக்கு டீ வாங்கிக் குடுத்தா பீரோவை மட்டும் இல்ல, என்னையும் சேர்த்துத் தூக்கிட்டு வருவானுங்க" என்றார்.

அடுத்த முறை வக்கீலம்மா அலுவலகத்தில் தாள்களைப் புரட்டி முதல் வீட்டுச் சலுகைப் பக்கம் வந்தபோது, அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு வாசித்தார். "உலகில் எங்கும், எப்போதும், எந்த வீட்டிலும் எனக்குப் பங்கு இருந்ததில்லை."

"இது எனக்குப் பொருந்தாது மேடம்" என்றாள் சொப்பனம். "எனக்கு ஒரு வீட்டுல பாதி இருக்கு. எங்கப்பா வாங்கிக் குடுத்தது."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்த வார்த்தைகள் புதிதாக இருந்தன. இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும் போல ஆசையாகவும் இருந்தது. வக்கீலம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "நான் கேட்கச் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு இவ்வளவு மிச்சமாயிருக்கும்" என்றார்.

"நீங்க கேட்கச் சொன்னதுக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும் மேடம்" என்றாள் அவள். கணவர் பக்கத்தில் இலேசாக இருமினார். எவ்வளவு என்று வக்கீலம்மா நிஜமாகவே எழுதிவிடப் போகிறாரோ என்ற பயம் அவருக்கு.

நாலைந்து நாள் கழித்து அண்ணன் தானாகவே போன் செய்தான். என்ன ஆயிற்று என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உண்மையைத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். அவன் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. "உன் மேல எனக்குக் கோபம் இருக்கு. அது இருக்கும், சட்டுனு போகாது. என் பாதியை இப்ப கேட்கல, விட்டும் குடுக்கல. ஓடு ஒழுகினா சொல்லு, என் பாதிக்கு நான் தர்றேன். வெள்ளை அடிச்சா என்ன நிறம்னு என்னைக் கேட்காம அடிக்காதே."

"கேட்டே அடிக்கிறேன்" என்றான் அண்ணன். அவன் குரலில் பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்த தளர்ச்சி இருந்தது.

"சுவர்ல ஆணி இருக்கா அங்க?"

"ஆணியா? ஒண்ணு ரெண்டு இருக்கும். ஏன்?"

"என் பாதியில ஒண்ணு அடிச்சு அப்பா படத்தை மாட்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாவி வாங்குகிற நாளில் வானம் மூடிக்கிடந்தது. கணவரின் சிநேகிதர்கள் பீரோவைத் தெருச்சரிவில் மேலே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அது முனகிக்கொண்டே வந்தது. கடை மேனேஜர் கழித்துப்போட்ட அட்டை டிவியையும் முதுகு மட்டும் உள்ள புத்தகங்களையும் பரிசாகக் கொடுத்தனுப்பியிருந்தார். தபால் அம்மாளின் மேசை, கட்டில் எல்லாம் வேறு யாருக்கோ போய்விட்டன. அவை இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக, மேசை அளவுக்கு, கட்டில் அளவுக்குத் தெரிந்தது.

சொப்பனம் கூடத்தில் நின்றாள். பீரோவைத் தவிர ஒரு பொருளும் இல்லை. ஜோடிக்க ஒன்றுமே இல்லாத அறையில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திருகினாள், தண்ணீர் வந்தது. நிறுத்தினாள், மறுபடி திருகினாள். மாடிப்படியில் ஏறித் திருப்பத்து ஜன்னலில் கை வைத்தாள், கண்ணாடி ஜில்லென்று இருந்தது. வெளியே மேகம் விலகத் தொடங்கியிருந்தது. வெயில் வரட்டும் என்று அங்கேயே நின்றாள். கீழே கணவர் அட்டை டிவியை எந்தச் சுவரில் சாய்த்தால் உண்மை மாதிரி இருக்கும் என்று சிநேகிதர்களோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

தபால் அம்மாள் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். கையில் தோட்டக் கதவின் சாவி இருந்தது, அதைக் கொடுக்க மறந்துவிட்டாராம். வெறும் கூடத்தைப் பார்த்தார், ஒற்றைப் பச்சை பீரோவைப் பார்த்தார், படியில் நின்றவளை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் இளகியது.

"முதல் வீடாம்மா?" என்று கேட்டார்.

மேலே ஜன்னலில் வெயில் வந்துவிட்டது. அவள் காலடியைத் தொட்டு, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா, ரெண்டாவது" என்றாள் சொப்பனம். "முதல் வீடு எங்கப்பா குடுத்தது."